மோட்டார் ஓடினால் மட்டும் போதுமா?

வடகிழக்குப் பருவமழைக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளை ஆண்டுதோறும் இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறோம். வரப்பு கட்டுவது, வடிகாலைத் தூர் எடுப்பது, விதைநேர்த்தி, பயிர்க் காப்பீடு எல்லாம் அதில் வரும். மோட்டார் கொட்டகை மட்டும் வராது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடுகிறதா, தொட்டியில் தண்ணீர் விழுகிறதா என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடும்.

அங்கேதான் சிக்கல். மோட்டார் ஓடுவது வேறு, அதன் கேபிளும் காயிலும் நல்ல நிலையில் இருப்பது வேறு. இன்சுலேஷன் பாதி கெட்டுப்போன மோட்டாரும் நன்றாகவே ஓடும். சத்தம் மாறாது, தண்ணீரும் குறையாது. கசிகிற மின்சாரம் சத்தமில்லாமல் கேசிங் குழாய்க்கோ, ஸ்டார்ட்டர் பெட்டிக்கோ, கிணற்று நீருக்கோ போய்க்கொண்டிருக்கும். ஒருநாள் ஈரக் கையோடு யாராவது அந்தப் பெட்டியைத் தொடும்போதுதான் விஷயம் வெளியே தெரியும். இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் பத்தாயிரம் பேருக்கு மேல் இறப்பதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. அதில் வயலிலும் கிணற்றடியிலும் போன உயிர்களும் உண்டு.

வீட்டில் இப்படிப் பெரிய கசிவு இருந்தால் ஓரளவு காட்டிக்கொடுக்க மின்கட்டணம் இருக்கிறது. ஓர் ஆம்பியர் கசிந்தால்கூட ஒரு நாளில் ஐந்து யூனிட்டுக்கு மேல் ஓடிவிடும். இரண்டு மாதக் கட்டணத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் ஒயர்மேனைத் தேடுவார். வயலில் அந்த எச்சரிக்கை இல்லை. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் விரிந்த இலவச மின்சாரம் நம் உழவுக்குப் பெரிய துணை. அதைக் குறை சொல்ல இங்கே இடமில்லை. ஆனால் கட்டணம் வராத இணைப்பில் கசிவு எவர் கண்ணிலும் படாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை மோட்டார்கள் இறக்கிய நாளுக்குப் பிறகு ஒருமுறையாவது சோதிக்கப்பட்டிருக்கும்? உங்கள் மோட்டாரையே கேட்டுப் பாருங்கள்.

தண்ணீருக்கும் மின்காப்புக்கும் உள்ள பகை புதிதல்ல. சென்னையில் 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது, மின்சாரம் கொடுக்கும் கம்பியைச் சாலைக்கு அடியில் ஒரு காலுவாய் போட்டு அதற்குள்தான் வைத்தார்கள். நம் ஊர் மழை அந்த ஏற்பாட்டை நிலைக்க விடவில்லை. பிறகு தலைக்கு மேலே கம்பி கட்டித்தான் டிராம் ஓட்ட முடிந்தது. இன்றைக்கும் சிந்தாதிரிப்பேட்டை போன்ற மத்திய சென்னைப் பகுதிகளில் மின்சாரம் தரைக்கடிக் கேபிளில்தான் செல்கிறது. தெருவோரம் நிற்கும் பில்லர் பெட்டிகளைச் சென்னை வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் அந்தப் பெட்டிகளைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் ஊரே பயப்படுகிறது. பயத்துக்குக் காரணம் உண்டு. 2017 நவம்பரில் கொடுங்கையூரில் மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். 2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில் விடியுமுன் வேலைக்குப் புறப்பட்ட தூய்மைப் பணியாளர் ஒருவர், தேங்கிய நீரில் கால்வைத்ததும், கீழே புதைந்திருந்த கேபிளின் கசிவுக்குப் பலியானார்.

நகரத்துக் கேபிளைச் சோதிக்க மின்வாரியத்தில் ஆளும் கருவியும் உண்டு. அவர்கள் சரியாகச் செய்கிறார்களா என்று கேட்கப் பத்திரிகைகளும் நீதிமன்றமும் உண்டு. உங்கள் ஸ்டார்ட்டரிலிருந்து போர்வெல்லுக்குள் இறங்கும் கேபிள் உங்கள் சொத்து. அதை நீங்கள் சோதிக்காவிட்டால் வேறு எவரும் சோதிக்கப் போவதில்லை.

சோதிக்கும் கருவியின் பெயர் மெக்கர். ஜெராக்ஸ் என்பதுபோல இதுவும் ஒரு நிறுவனம் 1903இல் பதிவுசெய்த வணிகப் பெயர்தான். இப்போது எந்தக் கம்பெனி செய்தாலும் மெக்கர் என்றே சொல்கிறோம். பழையது கையால் சுற்றுவது, புதியது பேட்டரியில் வேலை செய்வது. எதுவானாலும் அது செய்யும் காரியம் ஒன்றே: கேபிளுக்கும் தரைக்கும் நடுவே 500 வோல்ட் அழுத்தம் கொடுத்து, எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று பார்த்து, மின்தடையை மெகாஓம் கணக்கில் காட்டும். ஒரு மெகாஓம் என்பது பத்து லட்சம் ஓம்.

'மல்டிமீட்டர் என்னிடம் இருக்கிறதே, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டேனே' என்பீர்கள். மல்டிமீட்டர் சிறிய பேட்டரியின் அழுத்தத்தில் பார்க்கிறது. சொட்டுநீர்க் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால், ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் தெரியாது. மோட்டாரைப் போட்டு அழுத்தம் ஏறினால்தான் பீறிடும். கேபிளும் அப்படித்தான். ஈரம் கோத்த இன்சுலேஷன் 9 வோல்ட்டில் நல்லபிள்ளையாக இருக்கும், 415 வோல்ட்டில் குணத்தைக் காட்டும். டெஸ்ட் லேம்ப் எரிந்தால் இன்சுலேஷன் முழுக்கப் போய்விட்டது என்று பொருள்; எரியாவிட்டால் நலம் என்று பொருளே இல்லை.

எண்களை எப்படிப் படிப்பது? ஒரு பேஸுக்கும் தரைக்கும் நடுவே 230 வோல்ட். தடை ஒரு மெகாஓம் இருந்தால் கசிவது கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு. உடம்புக்குத் தெரியவே தெரியாது. அதே தடை பத்தாயிரம் ஓமுக்கு, அதாவது 0.01 மெகாஓமுக்கு இறங்கிவிட்டால் 23 மில்லி ஆம்பியர் கசியும். பிடித்த கையை விடமுடியாமல் தசை இறுகுவதற்கு அது போதும். மோட்டார் அப்போதும் ஓடும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நீர்மூழ்கி மோட்டாரைப் பொறுத்தவரை நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். புது மோட்டார், இன்னும் இறக்கவில்லை என்றால் நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்ட வேண்டும். கிணற்றுக்குள் இறக்கி, கேபிளோடு சேர்த்துப் பார்க்கும்போது அளவு குறையும். புதிதாக இறக்கியது 2 மெகாஓமுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. சில ஆண்டு ஓடிய மோட்டார் அரை மெகாஓமுக்கும் இரண்டுக்கும் நடுவே காட்டினால் ஓட்டலாம், அடுத்த சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அரைக்குக் கீழே போனால் எங்கோ காயம் இருக்கிறது. ஆளைக் கூப்பிட்டுத் தேட வேண்டும். 0.02க்குக் கீழே என்றால் அந்த மோட்டாரை இனி ஓட்டக் கூடாது. மேலே ஏற்றியே ஆக வேண்டும். உங்கள் பம்புடன் வந்த கையேட்டில் வேறு எண் கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

ஒற்றை எண்ணைவிட எண்ணின் போக்கு முக்கியம். சென்ற ஆண்டு 50, ஆறு மாதம் முன்பு 20, இப்போது 4 என்றால், நான்கு மெகாஓம் போதுமே என்று இருந்துவிடக் கூடாது. அது இறங்குகிற வேகம்தான் சேதி. சூட்டில் அளவு குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் தடை ஏறக்குறையப் பாதியாகும். ஓடி நிறுத்திய சூட்டோடு ஒருமுறையும், காலைக் குளிரில் மறுமுறையும் பார்த்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும். ஒவ்வொரு முறையும் காலையில், மோட்டாரைப் போடுவதற்கு முன் பாருங்கள்.

சோதிக்கும் முறை கடினமல்ல. என்றாலும் உரிமம் பெற்ற ஒயர்மேனை வைத்தே செய்யுங்கள்; நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் மெயினை நிறுத்தி, பியூஸ் கேரியர் மூன்றையும் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேறு யாரோ வந்து மாட்டிவிடும் ஆபத்து அதோடு போகும். கெப்பாசிட்டர் இருந்தால் அது தேக்கிவைத்த மின்சாரத்தை இறக்கிவிட்டுக் கழற்றி வைக்க வேண்டும். பிறகு மோட்டாரிலிருந்து வரும் கேபிள் முனைகளை ஸ்டார்ட்டரிலிருந்து பிரித்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கைப்பேசியால் இயக்கும் கருவியும், சிங்கிள் பேஸ் தடுப்பானும் இணைந்திருக்கும்போதே 500 வோல்ட்டைச் செலுத்தினால் அவற்றுக்குள் இருக்கும் மின்னணுச் சில்லுகள் போய்விடும். மோட்டாரைக் காப்பாற்றப் போய் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் பலிகொடுத்த கதையாகும்.

மெக்கரில் இரண்டு முனை இருக்கும். 'இ' என்பதை எர்த் கம்பியிலும், 'எல்' என்பதை கேபிள் முனையிலும் மாட்ட வேண்டும். சீராக ஒரு நிமிடம் சுற்றி, முள் நின்ற இடத்தைப் படிக்க வேண்டும். அப்போது கேபிள் முனையை யாரும் தொடக் கூடாது. முடிந்ததும் கேபிளை எர்த்தோடு சேர்த்துத் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். மூன்று முனை மட்டும் வரும் மோட்டாரில் ஒரு கோருக்கும் இன்னொரு கோருக்கும் நடுவே பார்த்தால் மெக்கர் பூஜ்யம் காட்டும். பதற வேண்டாம், உள்ளே காயில் வழியாக மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. ஸ்டார் டெல்டாவில் ஆறு முனை வரும். அங்கே காயிலுக்குக் காயில் தனித்தனியாகப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

அளவு குறைவாக வந்தால் உடனே மோட்டார் எரிந்துவிட்டது, காயில் கட்ட வேண்டும் என்று முடிவுகட்டி விடாதீர்கள். மோட்டார் நன்றாக இருந்து, ஜாயின்ட் மட்டும் கெட்டிருப்பது அடிக்கடி நடப்பது. கேபிளை மோட்டார் வாலோடு சேர்க்கிற அந்த ஒரு முழ இடம்தான் முழு இணைப்பிலும் பலவீனமான இடம். டேப்பை இழுத்துச் சுற்றாமல் தளர்வாகச் சுற்றினால் ஆறு மாதத்தில் தண்ணீர் உள்ளே போய்விடும். அதனால் ஒரு சிறு வேலையை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்: ஜாயின்ட் போட்டதும் போர்வெல்லில் இறக்கிவிடாமல், அந்த ஜாயின்டைத் தண்ணீர் டிரம்மில் ஒரு மணி நேரம் மூழ்கவைத்து மெக்கர் பாருங்கள். இறக்க வந்த ஆட்கள் நேரமாகிறது என்று முணுமுணுப்பார்கள். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். மறுபடி ஏற்றி இறக்கும் கூலியை நினைத்தால் டீச் செலவு ஒன்றுமில்லை.

ஜாயின்டை அடுத்து, கேபிள் கேசிங் குழாயின் விளிம்பில் உரசும் இடத்தைப் பார்க்க வேண்டும். மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் குழாய் ஒரு உதறல் உதறும். கிளாம்ப் சரியாக இல்லையென்றால் அந்த உதறலில் உறை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவிடும். கொட்டகையில் எலி, வெயிலில் வெடித்த உறை, வரப்பு வெட்டும்போது மண்வெட்டி பட்ட புதைகேபிள் இவையெல்லாம் உங்களுக்கே தெரிந்தவை. மண்வெட்டி பட்ட இடத்தில் பாலிதீன் பையைச் சுற்றி மூடிவிட்டுப் போகும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இன்னொரு மாற்றம் பலர் கவனிக்காதது. முன்பெல்லாம் மோட்டார் இரும்புக் குழாயில் தொங்கும். கசிவு வந்தால் அந்தக் குழாயே அதை மேலே எர்த்துக்குக் கொண்டுவந்து பியூஸைப் போக்கிவிடும். இப்போது எடை குறைவு, துரு இல்லை என்று பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிட்டோம். மூன்று கோர் ஃப்ளாட் கேபிளில் எர்த்துக்குத் தனிக் கோர் கிடையாது. ஆக, மோட்டார் உடம்புக்கு எர்த் என்பதே இல்லாமல் போகிறது. கசிவுக்கு இருக்கும் ஒரே வழி தண்ணீர். போர்வெல்லில் ஆள் இறங்குவதில்லை. திறந்த கிணற்றில் இறங்குகிறார்கள், பிள்ளைகள் குதித்து நீந்துகிறார்கள். கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்கள் எர்த்துக்குத் தனிக் கம்பி இறக்குங்கள். ஆள் தண்ணீரில் இருக்கும்போது, மெக்கர் எத்தனை மெகாஓம் காட்டியிருந்தாலும் சரி, மெயினை நிறுத்தி வையுங்கள்.

மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் ஒரு பேஸை மட்டும் எடுத்து, கேசிங் குழாயை நியூட்ரலாக்கிக் கொட்டகை விளக்கை எரிக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. விளக்கு எரியும், எர்த் சரியில்லாத நாளில் குழாயும் உயிர்பெற்று நிற்கும். மாடு வழக்கமாகக் குடிக்கும் தொட்டியருகே வர மறுத்தால், வாயை வைத்துவிட்டுத் துள்ளினால், அதை அடிக்காதீர்கள். நமக்குத் தெரியாத கசிவு நான்கு காலில் நிற்கும் அதற்கு முதலில் தெரியும். கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மாட்டியவர்கள், 'அடிக்கடி விழுகிறது' என்று அதைத் தாண்டி நேராக இணைத்துக்கொள்வதும் நடக்கிறது. விழுவதுதான் அதன் வேலை. அடிக்கடி விழுந்தால் மெக்கரோடு ஒயர்மேனைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

மெக்கர் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: மாவட்டத் தலைநகர்களின் மின்பொருள் கடைகளிலும் கோவையிலும் கிடைக்கும். சென்னைக்கு வேலையாக வருகிறவர்கள் சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டியுள்ள ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெருவில் பார்க்கலாம். சேப்பாக்கத்தில் வேளாண்மை இயக்குநரகத்துக்கு வந்தால் பறக்கும் ரயிலில் அடுத்த நிலையம் சிந்தாதிரிப்பேட்டை. 1734இல் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது, சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் அப்படி மருவியது என்பார்கள். இன்று அதன் ஓரத்தில் தறிச் சத்தத்துக்குப் பதில் மீட்டர், மின்னணுச் சாமான்கள். கடையில் 500 வோல்ட் மெக்கர் என்று தெளிவாகக் கேளுங்கள். வாங்குமுன் இரண்டு முனையையும் பிரித்து வைத்துச் சுற்றினால் அளவற்றது என்ற குறியில் முள் நிற்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வராத கருவியை எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். கேபிள் வாங்கும்போதும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் உறையிலேயே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு விவசாயியும் ஒரு மெக்கர் வாங்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, பத்து நிமிட வேலைக்கு அது வீண். ஒரு ஊருக்கு ஒன்று போதும். நல்ல கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்கும் செலவில் பெரும்பாலும் ஒன்று வாங்கிவிடலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவு சங்கமோ வாங்கி வைத்து, ஊர் ஒயர்மேனுக்கு ஒரு மோட்டாருக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயித்தால் காரியம் முடிந்தது.

வேளாண் பொறியியல் துறைக்கும் ஒரு வார்த்தை. புதிய பம்புசெட் வாங்கவும், கைப்பேசியால் மோட்டாரை இயக்கும் கருவி வாங்கவும் துறை மானியம் தருகிறது, நல்லதே. மானியம் பெற்ற மோட்டாரை இறக்கும் அன்று மெக்கர் அளவு எடுத்து, அந்த எண்ணைக் கோப்பில் சேர்த்தால்தான் பணம் என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை. இ-வாடகையில் டிராக்டரும் மண் அள்ளும் இயந்திரமும் கிடைக்கிற இடத்தில் வட்டாரத்துக்கு ஒரு மெக்கரும் எர்த் சோதிக்கும் கருவியும் சேரலாம். களத்துக்குப் போகும் உதவிப் பொறியாளர்களும் வேளாண் அலுவலர்களும் மண் மாதிரி எடுக்கும் நாளிலேயே கொட்டகைக் கதவையும் ஒருமுறை திறந்து பார்க்கலாமே.

மின்கம்பத்திலிருந்து உங்கள் மெயின் வரை உள்ள கோளாறு மின்வாரியத்தின் பொறுப்பு. தாழ்ந்து தொங்கும் கம்பி, கசியும் கம்பம் எதைப் பார்த்தாலும் மின்னகம் 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். மெயினுக்கு இப்பால் உள்ளதை ஐப்பசி பிறக்குமுன் ஒருமுறையும், கோடையில் மோட்டார் அதிகம் ஓடத் தொடங்குமுன் மறுமுறையும் மெக்கர் வைத்துப் பாருங்கள். வந்த அளவைத் தேதியோடு ஸ்டார்ட்டர் கொட்டகைக் கதவின் உட்பக்கம் எழுதி வையுங்கள். சாக்பீஸ் வேண்டாம், ஆயில் பெயின்டில் எழுதுங்கள். அடுத்து வரும் ஒயர்மேனுக்கு அந்த எண் தெரிய வேண்டும்.